டிரம்ஸ் வாசித்த பெண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் வாங்கிக்கொடுத்த ஹெட்போனில் பழைய ஆங்கிலப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிடித்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பீட்டில்ஸின் ‘இன் மை லைஃப்’, அபாவின் ‘டான்சிங் குயீன்’, பீச் பாய்ஸின் ‘காட் ஒன்லி நோஸ்’, பீ ஜீஸின் ‘ஸ்டேயின் அலைவ்’, போனி எம்மின் ‘ரஸ்புடின்’, கடைசியாகக் கார்ப்பென்டர்ஸின் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’. இந்தக் கடைசிப் பாட்டைச் சேர்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தித்திப்பு ஜாஸ்தி. ஆனால் பாவம், அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்தே செத்துப்போனாள். அதற்காகச் சேர்த்தேன்.

மகன் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நாஸ்டால்ஜியாப்பா, பாட்டு இல்ல” என்கிறான். உண்மைதானா? பதினைந்து, இருபது வயதில் கேட்டதைத் தாண்டி நம் காது போவதே இல்லையா? பீட்டில்ஸா, அபாவா என்று கேட்டால் நீங்கள் யார் பக்கம்? உங்கள் பட்டியலையும் தர முடியுமா?

ஆர்.கே., கோவை

*

அன்புள்ள ஆர்.கே.,

பொதுவாகப் பட்டியல்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. பீட்டில்ஸா அபாவா என்பது தேநீர்க்கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், அதை அங்கேயே விட்டுவிடுவோம். ஆனால் உங்கள் ஆறாவது பாட்டையும் அதற்குப் பின்னால் வந்த “பாவம்” என்ற சொல்லையும் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. சில வாரங்களாகவே நான் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மகனுடைய விஷயம். ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ வந்தது 1973இல், ‘நௌ அண்ட் தென்’ என்ற எல்பி இசைத்தட்டில். கார்ப்பென்டர்ஸ் என்பது ரிச்சர்ட், காரென் என்ற அண்ணன் தங்கை. அந்த ரிச்சர்ட் கார்ப்பென்டரும் ஜான் பெட்டிஸும் எழுதியது. சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட பாட்டுகள் மறுபடி வந்துவிட்டன என்று பாடுகிறாரே காரென், அப்போது அவருக்கு வயது 23. அந்த எல்பியின் இரண்டாம் பக்கம் முழுக்க இந்தப் பாட்டில் தொடங்கி, நடுவில் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் பேச, பழைய பாட்டுகளாக ஒன்றன்பின் ஒன்று ஓடி, மறுபடி இதே பாட்டில் வந்து முடியும். பழைய பாட்டு என்றால் எவ்வளவு பழையது? ‘ஜானி ஏஞ்சல்’ 1962, ‘டா டூ ரான் ரான்’ 1963, பீச் பாய்ஸின் ‘ஃபன் ஃபன் ஃபன்’ 1964. ஒன்பதிலிருந்து பதினொரு வருடம்தான்! நீங்கள் எதை நினைத்து ஏங்குகிறீர்களோ அதுவே பிறக்கும்போதே ஏங்கிக்கொண்டு பிறந்தது. உங்கள் மகனுக்கு இப்போது முப்பது என்றால், அவன் கல்லூரியில் கேட்ட பாட்டுகளைப் பற்றி ஒரு நாள் அவனிடமே கேட்டுப்பாருங்கள். முகம் மாறும். சரி, அது போகட்டும்.

நீங்கள் கூச்சப்பட்டது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. ‘ரஸ்புடின்’ பாட்டுக்குக் கூச்சப்படவில்லை. போனி எம்மில் மேடையில் குதித்த பாபி ஃபாரெல் ஸ்டுடியோவில் பாடியதில்லை, அந்தக் கட்டைக்குரல் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. அதில் உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. எனக்கும் இல்லை, கல்யாண வீட்டில் போட்டால் நானும் கால் தட்டுவேன். ஆனால் கார்ப்பென்டர்ஸ் என்றதும் மட்டும் அனுதாப ஒதுக்கீட்டில் சீட்டு கொடுக்கிறீர்கள். ஒரு மனுஷி பாடியதைக் கேட்டுவிட்டு அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும் நினைவு வைத்துக்கொள்வது என்ன ரசனை? 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில், பல வருடம் உணவை ஒதுக்கியதால் இதயம் நலிந்து போனார். உலகத்துக்கே தெரியும். அந்த 32 வருடத்தில் அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

அவர் டிரம்ஸ் வாசித்தவர் ஐயா. பாடகி என்பது பின்னால் வந்தது.

கலிஃபோர்னியாவில் டௌனி என்ற ஊர். பள்ளிக்கூட இசைக்குழுவில் சேரப்போன பெண்ணிடம் கிளாக்கன்ஷ்பீல் என்கிற, குச்சியால் தட்டும் சின்ன உலோகக் கட்டைகளைக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே பையன்கள் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், இவருக்கு அதுதான் வேண்டும். கேட்டு வாங்கிவிட்டார். டேவ் ப்ரூபெக் ஜாஸ் குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோ அவருடைய நாயகன். மொரெல்லோ யாரென்று தெரியாவிட்டால் ‘டேக் ஃபைவ்’ கேளுங்கள். ஐந்து ஐந்தாக எண்ணவேண்டிய தாளம். அந்தக் கணக்கைக் கேட்டு வளர்ந்த கை காரெனுடையது. அண்ணன் பியானோ, தங்கை டிரம்ஸ், இன்னொரு நண்பர் டியூபாவும் பேஸும். இந்த மூன்று பேரும் 1966இல் ஹாலிவுட் பௌல் அரங்கத்தில் நடந்த இசைக்குழுக்களின் போட்டியில் ஜெயித்தார்கள்.

1968இல் ஒரு கல்லூரித் திறமைப் போட்டி டிவி நிகழ்ச்சியில் அவர் ‘டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்’ வாசித்துக்கொண்டே பாடும் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. பாருங்கள். 18 வயதுப் பெண். பாட்டு ஒரு பக்கம் போகிறது, கைகள் வேறு வேலையில் இருக்கின்றன, முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. வாய் ஒரு தாளம், கை ஒரு தாளம், கால் இன்னொன்று என்று மூன்றையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்வது என்ன பாடு என்பது முயன்றவர்களுக்குத்தான் தெரியும். 1969இல் வந்த முதல் எல்பியில் எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸ் அவரேதான். அதில்தான் பீட்டில்ஸின் ‘டிக்கெட் டு ரைட்’ பாட்டை வேகம் குறைத்து, கிட்டத்தட்ட அழுகைப் பாட்டாகவே ஆக்கியிருப்பார்கள்.

அப்புறம் 1970. ‘க்ளோஸ் டு யூ’ வந்தது, அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடம். அந்தப் பாட்டில் டிரம்ஸ் ஹால் பிளெய்ன். ஸ்டுடியோக் கலைஞர்களில் மகா கெட்டிக்காரர். உங்கள் மூன்றாவது பாட்டு இருக்கும் ‘பெட் சவுண்ட்ஸ்’ எல்பியில் பெரும்பாலும் அவர்தான் தாளம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் மேடையில் நடந்ததைப் பற்றித்தான். பாட்டு ஜெயித்ததும் எல்லோருக்கும் பாடுகிறவரைப் பார்க்கவேண்டும். டிரம்ஸ் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறிய பெண்ணின் தலை மட்டும்தான் தெரிகிறது. விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். எழுந்து முன்னால் வா என்றார்கள். அவருக்கு விருப்பமே இல்லை. தன்னைப் பாடத் தெரிந்த டிரம்மர் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினார்கள், மெதுவான பாட்டுகளுக்கு மட்டும், பிறகு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும். பின்னால் உட்கார வேறு ஆட்கள் வந்தார்கள். கவுன் போட்டுக்கொண்டு, கையில் மைக்கைத் தவிர ஒன்றுமில்லாமல், வெளிச்சத்தில் அவர் நின்றார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொன்மலை ஞாபகம் வரும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். மூத்த அண்ணன் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் டான்ஸுக்கு டிரம்ஸ் வாசிப்பார். அவர்கள் வீட்டு ரேடியோகிராமில்தான் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், அப்புறம் கார்ப்பென்டர்ஸ் எல்லாம் நான் கேட்டது. “பாட்டைக் கேட்காதே மேன், கீழே கால் என்ன பண்ணுதுன்னு கேளு” என்று என் முழங்காலில் தட்டித் தட்டிக் காட்டுவார். அவருக்கு ஒரு தங்கை. அண்ணன் ஷிஃப்டுக்குப் போனதும் அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்துவிடுவாள். சத்தம் கேட்கக்கூடாது என்று ஸ்னேர் டிரம் மேல் ஒரு தேங்காய்ப்பூ துவாலையை மடித்துப் போட்டுக்கொள்வாள். அந்த மொத்தமான டப் டப் சத்தம் சுவர் வழியாக எங்கள் சமையலறைக்கு வரும். அண்ணனைவிட நன்றாக வாசித்தாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது, அப்போது அதைச் சொல்லும் வயது இல்லை. ஒரு நாள் ஆன்ட்டி பார்த்துவிட்டு, “கர்ல்ஸ் டோன்ட் சிட் லைக் தட்” என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். அந்த டிசம்பரில் அவள் இஸ்திரி போட்ட உடையில் முன்னால் நின்று பாடினாள். நன்றாகவே பாடினாள், எல்லோரும் கை தட்டினோம். பாடும்போது வலதுகை விரல்கள் மட்டும் தொடையில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னாளில் குடும்பமே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது.

ஆன்ட்டியை நான் குறை சொல்லவில்லை. டௌனியிலும் பொன்மலையிலும் கிட்டத்தட்ட அதே யோசனைதான் ஓடியிருக்கிறது. ஆனால் அதை ‘பாட்டு ஹிட்டாச்சு, ஆகவே முன்னால் வந்தார்’ என்று வளர்ச்சிக் கதையாகச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை தெரிந்த ஒருத்தியிடமிருந்து கருவியைப் பிடுங்கிவிட்டு, அதை மாலை போட்டு நடத்தினால் பிடுங்கல் இல்லை என்று ஆகிவிடுமா? குச்சி கையில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துத் தரும் ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம், கேட்டே சரிபார்க்கக்கூடியது.

‘நௌ அண்ட் தென்’ எல்பியில் ‘ஜம்பலாயா’ என்ற ஒரே பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் டிரம்ஸ் காரென்தான். அதாவது, நீங்கள் கூச்சத்தோடு ஆறாவதாகப் போட்ட ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பாட்டிலும் குரலும் அவர், தாளமும் அவர். இது உங்களுக்குத் தெரியாமல் இத்தனை வருடம் கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, இப்போது அந்த நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மறுபடி கேளுங்கள். பியானோவும் குரலுமாகத் தொடங்கும். குரல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தக் காலத்துப் பாடகிகள் உச்சிக்கு ஏறிக் கைதட்டல் வாங்கும்போது இவர் படியிறங்கிப் போய் நிற்கிறார். டிரம்ஸ் எங்கேயும் அந்தக் குரலை மிதிக்காது. குரல் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடம்தான் அதற்கு இடம். மூச்சு எங்கே வரும் என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், மூச்சே அவருடையதுதான். பின்னால் ஒரு கோஷ்டியே சேர்ந்து பாடுவதுபோல் கேட்கிறதே, அதுவும் அண்ணனும் தங்கையும்தான், இரண்டு பேர் குரலைத் திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கியது. தித்திப்பு என்றீர்கள். இவ்வளவு கூலிவேலை தித்திப்பில் இருக்காது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். கார்ப்பென்டர்ஸ் என்றால் மென்மை, மென்மை என்றால் சோப்பு விளம்பரம் என்று ஒரு எண்ணம். ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ நிஜமாகவே ஒரு விளம்பரத்திலிருந்து வந்ததுதான், அதுவும் ஒரு வங்கி விளம்பரம், உங்களுக்குப் பிடிக்கவேண்டும். ஆனால் 1972இல் ‘குட்பை டு லவ்’ பாட்டில் டோனி பெலூசோவைக் கூப்பிட்டு, கரகரவென்று கிழிக்கும் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரை நடுவில் விட்டார்கள். ரசிகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள், ராக் பக்கம் சாய்ந்துவிட்டீர்களே என்று. மென்மையானவர்களின் ரசிகர்கள் மென்மையாக இருப்பதில்லை. அதே பெலூசோதான் அடுத்த வருடம் அந்த எல்பியில் ரேடியோ அறிவிப்பாளராகப் பேசுகிறவர்.

உங்கள் மற்ற பாட்டுகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். ‘ஸ்டேயின் அலைவ்’ மட்டும் சொல்கிறேன், டிரம்ஸ் பேச்சில் இருப்பதால். அந்தப் பாட்டைப் பதியும்போது டிரம்மர் டென்னிஸ் பிரையன் இல்லை, குடும்பக் காரணமாக ஊருக்குப் போய்விட்டார். ‘நைட் ஃபீவர்’ பாட்டிலிருந்து இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று அளவு டேப்பை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றவிட்டார்கள். எல்பியில் டிரம்மர் என்று போட்ட பெயர் பெர்னார்ட் லூப். அப்படி ஓர் ஆளே கிடையாது. டிஸ்கோவின் தேசிய கீதத்துக்குத் தாளம் போட்டது ஒரு துண்டு டேப், அதற்குப் பெயர்கூடக் கிடைத்தது!

என் பட்டியல் வராது. பதினைந்து வயதுக்கு மேல் காது வளருமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆறாவது பாட்டை நான் சொன்னபடி கேட்டுவிட்டு நீங்களே எனக்கு எழுதுங்கள். எல்பியின் இரண்டாம் பக்கத்தை வெட்டாமல் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள், செயலி தானாகத் தூக்கிப்போடும் கலவையில் வேண்டாம். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த 1968 டிவிக் காட்சியை முதலில் காட்டிவிட்டால் சண்டை பாதி குறையும்.

பட்டியலைத் திருத்தினால் அனுப்புங்கள். ‘பாவம்’ மட்டும் வேண்டாம். ‘ரஸ்புடின்’ இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்.