லாயத்துத் துணி வெளுக்கும் முறை

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் எல்லையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் குதிரையேற்றப் பள்ளியில் துணி வெளுக்கும் வேலை பார்க்கிறேன். சேணத்துக்கு அடியில் போடும் மெத்தைகளும் கால்கட்டுத் துணிகளும் எவ்வளவு சவர்க்காரத்தூள் போட்டாலும் விறைத்துப்போய் நாற்றமடிக்கின்றன. வெந்நீரில் குளோரோக்ஸ் கலந்து ஊற வைக்கலாமா?
வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: வேண்டாம் அம்மா. குதிரையின் சிறுநீர் பட்ட துணியில் அமோனியா இருக்கும். அதன்மேல் குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீரை ஊற்றினால் கிளம்பும் குளோரமின் வாயு கண்ணையும் நெஞ்சையும் எரிப்பதோடு, காற்றோட்டமில்லாத அறையில் மூச்சையே அடைத்துவிடும். நாற்றம் போக்கச் சிலர் ஊற்றும் வினிகரையும் அதனோடு சேர்க்கக் கூடாது. அப்போது வருவது குளோரின் வாயு.

வெந்நீரும் முதலில் ஆகாது. குதிரையின் வியர்வையில் உப்போடு லேதரின் என்ற புரதமும் இருக்கிறது. ஓடிவந்த குதிரையின் கழுத்தில் வெள்ளை நுரை பூப்பது அதனால்தான். புரதக் கறை சூடு பட்டால் இறுகி, நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மெத்தையை முதலில் காயவிட்டு, வேலிக்கட்டையில் தட்டி, முரட்டுத் தூரிகையால் ரோமத்தைத் தேய்த்து எடுங்கள். தையல் வரிகளுக்குள் ஊசிபோல் செருகி நிற்கும் ரோமங்களைக் கையால்தான் பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் அவை இயந்திரத்தின் வடிகட்டியை அடைத்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு, தேயிலைச் சாயம்போல் இறங்கும் நீரைக் கொட்டிக் கொட்டி, தெளிந்த நீர் வரும்வரை மாற்றுங்கள். இதற்குப் பிறகே சவர்க்காரம், அதுவும் குறைவாக. துணி விறைப்பதற்கு, அலசிப் போகாமல் தங்கிய உப்பும் தூளுமே பெரும்பாலும் காரணம். அந்தத் தூள் வியர்வையில் கரைந்து குதிரையின் முதுகை அரிக்கும் என்பதால் ஒருமுறை கூடுதலாக அலசுவது அவசியம். துணியை மென்மையாக்கும் திரவம் நூலின்மேல் படிந்து வியர்வை உறிஞ்சுவதைக் கெடுக்கும், அது வேண்டாம்.

கம்பளியும் ஆட்டுத்தோல் ரோமமும் வெளுப்பு நீரில் அரித்துப்போகும். அவற்றைக் குளிர்ந்த நீரில், கம்பளிக்குரிய சவர்க்காரத்தால், முறுக்காமல் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

படர்தாமரை கண்ட குதிரையின் துணிகளைத் தனியே பிரித்து, கையுறை அணிந்து, இயந்திரத்தை நெருக்கி நிரப்பாமல் இரண்டு முறை வெளுங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். அதனாலேயே இத்துணிகளைக் காசு போட்டு வெளுக்கும் டோபி கடைக்குக் கொண்டு போகாதீர்கள். அடுத்து அந்த இயந்திரத்தில் ஒரு கைக்குழந்தையின் துணி விழலாம்.

உங்கள் ஊரில் பிற்பகல் மழைக்கு முன் உலர வேண்டுமானால் காலையிலேயே கொடியில் போடுங்கள். மேல்துணி காய்ந்தாலும் உள்ளே பஞ்சு ஈரமாக இருக்கும். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, குளிர்ச்சி தட்டினால் விசிறிக்கடியில் மீண்டும் விரித்துவிடுங்கள்.