முதலில் அக்காவுக்குப் போன் போடுங்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 44 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் உள்ள மஃபாடி சிகரத்துக்கு நடந்து போகத் திட்டம். இஞ்சிசுத்தி முகாமிலிருந்து ஏறி நான்கு நாளில் திரும்புவோம். மனைவி பயப்படுகிறாள். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது? டிசம்பர் சரியான மாதம்தானா, மூன்று பேருக்கு ஒரு கூடாரம் போதுமா என்றும் சொல்லுங்கள். வருவதாக இருந்த நண்பர்களில் ஒருவர் கழன்றுகொண்டார். மூன்று பேராவது வேண்டும் என்பதால் அக்கா மகனைச் சேர்த்துக்கொண்டோம். 17 வயது, பந்து விளையாடுகிற பையன். அத்தான் இறந்ததிலிருந்து அக்கா எதற்கெடுத்தாலும் பதறுவாள். அதனால் கீழே முகாமில் தங்கிவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, கூடாரத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதைப் பேசுவோம்.

அந்த மலையில் இரவு தங்குகிறவர்கள் மூன்று பேராவது போக வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூன்றாமவர் உதவி தேடி இறங்க வேண்டும். அதற்குத்தான் மூன்று. இப்போது யோசித்துப் பாருங்கள். மேலே உங்களுக்குக் கால் முறிந்துவிட்டது. உங்கள் நண்பர் உங்களோடு இருந்தால், மூடுபனியில் கணவாய் வழியே தனியாக இறங்க வேண்டியவன் அந்தப் பையன். நண்பர் இறங்கினால், வலியில் துடிக்கிற மாமனை இரவெல்லாம் வைத்துக்கொண்டு கூடாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியவனும் அவன்தான். பந்து விளையாடுகிற கால் இதற்கெல்லாம் போதாது. கழன்றுகொண்ட நண்பரின் இடத்தில் அவனை நிறுத்தும்போது இந்தப் பொறுப்பும் சேர்ந்துதான் அவன் தலையில் ஏறுகிறது. இதை அவனிடமாவது சொன்னீர்களா?

அடுத்தது, முகாமில் இருக்கிற பதிவேடு. ஏறுவதற்கு முன் அதில் எழுதியே ஆக வேண்டும்: யார் யார் போகிறீர்கள், எந்த வழி, என்றைக்குத் திரும்புவீர்கள், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும். சொன்ன நாளில் நீங்கள் வந்து கையெழுத்துப் போடவில்லை என்றால் தேடத் தொடங்குவது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். பையன் பெயருக்கு நேரே யாருடைய எண்ணை எழுதப் போகிறீர்கள்? அக்கா எண்ணை எழுதினால், பிள்ளை கீழே கட்டிலில் படுத்திருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பவளுக்கு யாரோ ஒருவர் போன் செய்து “மலையில் தேடிக்கொண்டிருக்கிறோம்” என்பார். மனைவி எண்ணை எழுதினாலோ, அந்தச் செய்தியை நாத்தனாரிடம் சொல்கிற பாவம் அவளுடையது. மலைமேல் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. “பிள்ளை ஏன் போனை எடுக்கவில்லை?” என்று அக்கா முதல் நாள் இரவே கேட்பாள். மனைவி என்ன பதில் சொல்வாள்? அவளுடைய பயத்தில் பாதி இதுதான். உங்கள் பொய்க்கு அவளைக் காவல் வைத்துவிட்டு, எப்படிச் சமாதானப்படுத்துவது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

அக்கா எதற்கெடுத்தாலும் பதறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் பதறாமல் என்ன செய்வாள்? நம் வீடுகளில் தாய்மாமன் என்றால் காது குத்தும்போது மடி கொடுப்பதோடும், கல்யாணத்தில் சீர் வைப்பதோடும் முடிந்துபோகிற உறவு இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். அப்படிப்பட்டவரே அவனுக்கு, “அம்மாவிடம் இப்படிச் சொல்லிவிட்டால் போதும்” என்று கற்றுக் கொடுக்கலாமா? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. சட்டத்தைப் பார்த்தாலும் இந்த நாட்டில் 18 வயது ஆகாதவன் குழந்தைதான். பெற்றவள் சம்மதம் இல்லாமல் அவனை அங்கே கூட்டிப்போக உங்களுக்கு உரிமை இல்லை.

சரி, டிசம்பருக்கு வருவோம். வேண்டாம். டிசம்பர் இங்கே கோடைக்காலம். காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் இறங்கும். மஃபாடி 3,450 மீட்டர், தென்னாப்பிரிக்காவிலேயே உயரமான சிகரம், லெசோத்தோ எல்லையில் இருக்கிறது. மேல்தளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மழை பெய்தால் கீழே ஓடைகள் பெருகி, போன வழியே திரும்ப முடியாமல் போகும். பனி மூடினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். வழிகாட்டிப் பலகை வைத்த பாதையும் அங்கே இல்லை, வரைபடம் பார்த்து நடக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மழை குறைந்திருக்கும். இரவுக் குளிர் கடுமைதான், ஆனால் நல்ல தூக்கப் பை இருந்தால் தாங்கலாம். ஜூன், ஜூலையில் உறைபனி விழும், முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் உடம்புச் சூட்டையே உறிஞ்சிவிடும், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மலைமேல் நெருப்பு மூட்டக் கூடாது, சிறிய கேஸ் அடுப்பு வேண்டும். மூன்று பேருக்கு ஒரு கூடாரம் போதும், காற்றுக்குத் தாக்குப்பிடிக்கிற கூடாரமாக இருந்தால்.

இன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டு, வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு நேரில் போங்கள். பையனும் பக்கத்தில் இருக்கட்டும். வரைபடத்தை மேசையில் விரித்து, எங்கே ஏறுவீர்கள், எங்கே தூங்குவீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று காட்டுங்கள். முன்பு சொன்னது பொய் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், பையனைச் சொல்ல வைக்காதீர்கள். அவள் திட்டுவாள், கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவன் அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவான். அனுபவமுள்ள வேறொரு ஆளைத் தேடுங்கள், அல்லது கூலி கொடுத்து ஒரு மலை வழிகாட்டியை அமர்த்துங்கள்.

பையனுக்கு ஆசை காட்டிவிட்டு அவனை ஏமாற்றவும் வேண்டாம். இந்த டிசம்பரில் அதே மலைத்தொடரில் இருக்கிற ராயல் நேட்டால் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே துகேலா பள்ளத்தாக்கு வழியாக ஒரு நாளில் போய்த் திரும்பலாம், மேலே ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவர் முழுசாகத் தெரியும். விடிந்ததும் கிளம்பி, இடி தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். காரில் இன்னும் இரண்டு இடம் இருக்கும், உங்கள் மனைவியையும் அக்காவையும் கூப்பிடுங்கள்.