கொப்பை விடு, கட்டையைப் பிள: விறகு கேள்வி பதில்

கோட்டையூர்ப் பக்கம் அப்பா விறகுக்கடை வைத்திருந்தார். கோடாலி அங்கே பிடித்துப் பழகியதுதான். இப்போது கல்யாண வீட்டுச் சமையலுக்கு விறகு கொடுக்கிறேன். மழைக்கு முன் விறகு சேர்க்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, தோட்டத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டிப் போட்டிருக்கோம். விரல் கனத்திலிருந்து தொடை கனம் வரை கிடக்கு. எதைப் பிளக்க, எதை விட? (பள்ளத்தூர்த் தம்பி)

மணிக்கட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்க தம்பி. அதைவிட மெலிந்த கொப்பைப் பிளக்கவே வேண்டாம், ஒரு முழத்துக்கு நறுக்கிப் போட்டால் தானே காயும். மரத்தின் ஈரம் நார் ஓடும் திசையில், வெட்டிய இரண்டு முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பக்கவாட்டில் பட்டை மறித்துக்கொள்ளும். கட்டையைப் பிளப்பதே அந்தப் பட்டையைத் தாண்டி ஈரத்துக்கு வழி விடத்தான்.

ஒரு கணக்குப் பாருங்க. 2 அங்குலக் கொப்பையும் 4 அங்குலக் கட்டையையும் ஒரே நீளத்துக்கு நறுக்கினால், பெரியதில் நாலு மடங்கு மரம் இருக்கும், பக்கவாட்டு மேற்பரப்போ இரண்டு மடங்குதான். கனம் ஏற ஏற நடுவில் ஈரம் தங்கிப்போவது இதனால்தான். கணுக்கால் கனம் வந்துவிட்டால் இரண்டாகப் பிளந்துவிடுங்க. தொடை கனத்தை நாலாகவோ ஆறாகவோ பிளக்கணும்.

மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் கிடப்பதில்தான் யோசனை வேணும். முனையைப் பாருங்க. நடுவில் கருத்து வைரம் ஏறி, கட்டை நேராகவும் இருந்தால் ஒரு வெட்டுப் போடலாம். கோணலும் கணுவுமாக இருந்தால் விட்டுவிடுங்க. அதோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நாலு நல்ல கட்டையை முடித்துவிடலாம். கோணல் கட்டையைத் தனியாகக் குவித்து அடுத்த வருசத்துக்கு வைங்க.

பிளப்பதைப் பச்சையிலேயே பிளந்துவிடணும். சீமைக் கருவேலம் காய்ந்தபிறகு இரும்பு மாதிரி, கோடாலி துள்ளும். முள்ளை முதலில் கழித்துவிட்டு, கனமான செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு இறங்குங்க. அந்த முள் குத்தினால் நாள்கணக்கில் கடுக்கும்.

பிளக்க ஆள் கிடைக்கலை. வேறு வழி உண்டா? (புதுவயல்)

உண்டு. மணிக்கட்டை ஒட்டிய கட்டைகளுக்கு வெட்டரிவாளால் நீளவாக்கில் ஒரு பக்கப் பட்டையைச் செதுக்கி எடுங்க. பிளந்த அளவுக்குக் காயாது, ஆனால் பட்டையோடு கிடப்பதைவிட நிச்சயம் சீக்கிரம் காயும். இன்னும் குட்டையாக, ஒன்றரைச் சாணுக்கு நறுக்கினாலும் பலன் உண்டு.

புளியமரக் கட்டை, எத்தனை அடி அடிச்சாலும் கோடாலி மாட்டிக்குது. (தேவகோட்டை)

மாட்டத்தான் செய்யும். புளியின் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். கறிக்கடையில் வெட்டு முட்டிக்கு அதைத் தேடுவதும் அதற்காகத்தான். நட்டநடுவில் அடிக்காதீங்க. ஓரத்திலிருந்து சீவல் சீவலாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போங்க. ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தால் அதில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்குங்க. கவட்டைத் துண்டாக இருந்தால் அதுவும் வேண்டாம். ரம்பத்தால் அறுத்துவிடுங்க.

பேத்தி கல்யாணத்துக்கு வீட்டிலேயே பலகாரம் சுடுறோம். எந்தக் கனத்தில் விறகு வாங்கணும்? (கானாடுகாத்தான் ஆச்சி)

ஆச்சி, எந்த அடுப்பில் என்ன ஏறுகிறது என்று பார்த்துத்தான் விறகின் கனத்தைச் சொல்லணும். சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் எண்ணெய் ஒரே சூட்டில் நிற்கவேண்டிய வேலை. அதற்கு மணிக்கட்டுக் கனத்தில் பிளந்த, நன்றாகக் காய்ந்த வைர விறகு வேணும். ஒன்று எரிந்து பாதியாகும்போது அடுத்ததைத் தள்ளினால் போதும், தீ ஏறி இறங்காது. மெலிந்த கொப்பு குபீரென்று எரிந்து அடங்கிவிடும், எண்ணெயும் அதோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அடுத்த ஈடு ஒன்று கருகும், இல்லாவிட்டால் எண்ணெய் குடிக்கும்.

சோற்று அண்டாவுக்கு நேர்மாறு. உலை கொதிக்கும்வரை கொப்பும் சிராயும் தாராளமாகப் போடலாம். கொதி வந்தபின் கனத்த கட்டை இரண்டு போதும். பிளக்காத உருண்டைக் கட்டை மெதுவாக எரிந்து நல்ல தணலாக நிற்கும், குழம்பைச் சூடு ஆறாமல் வைக்க அதைவிட நல்லது கிடையாது. அதனால் ஆச்சி, மொத்த விறகையும் பிளந்து தரச் சொல்லாதீங்க. பத்தில் ஒரு பங்கை உருண்டையாகவே கேட்டு வாங்குங்க.

பழைய வீட்டைப் பிரித்த தேக்குத் துண்டு கொஞ்சம் இருக்கு. எரிக்கலாமா? (காரைக்குடி)

வேண்டாம். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அது, திரும்ப வராது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சின்னத் துண்டையும் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்க. பெயின்ட் அடித்ததாக இருந்தால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீங்க. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். புகையிலும் சாம்பலிலும் அது வரும். பிளைவுட்டுக்கும் இதே பதில்தான்.

அரளிக் கொப்பு நிறைய வெட்டியிருக்கோம். சேர்த்துக்கலாமா? (குன்றக்குடி)

கூடவே கூடாது. அதன் கட்டை, இலை, புகை எல்லாமே விஷம்.

ஐப்பசி மழைக்கு முன் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருப்பத்தூர்)

இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்க. ‘ணங்’ என்று கேட்டால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். முனையில் நடுவிலிருந்து வெடிப்பு விரிந்திருக்கும், பட்டை கையோடு கழன்று வரும். இன்னும் உறுதியாகத் தெரியணும் என்றால் ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வைங்க. எடை குறைவது நின்றுவிட்டால் அதற்குமேல் காயாது.

அடுக்கும்போது தரையில் வைக்காதீங்க, கரையான் ஏறிவிடும். இரண்டு வரிசைச் செங்கல் மேல், பிளந்த முகத்தில் காற்றுப் படும்படி அடுக்குங்க. மேலே மட்டும் தகரம் போட்டால் போதும், பக்கத்தைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாக மாவு கொட்டுகிற கட்டை தென்பட்டால் அது வண்டு அரித்தது. அதை முதலில் எடுத்து எரித்துவிடுங்க, வீட்டு உத்தரத்துப் பக்கம் வைக்கவே வேண்டாம்.