ஊராட்சிக்கு வரும் அரசு ஃபைபரில் எந்தக் கம்பெனியும் இணையம் தரலாமா?

தரலாம். அரசுப் பணத்தில் போட்ட ஃபைபரை, அதாவது இணையம் கொண்டுவரும் கண்ணாடியிழைக் கேபிளை, எல்லா இணைய நிறுவனங்களும் பாரபட்சமில்லாமல் வாடகைக்கு எடுக்கலாம் என்பதுதான் ‘திறந்த அணுகல்’. 2011-இல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய, ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டு செல்லும் மத்திய அரசுத் திட்டத்தின் அடிப்படையே இதுதான். நாடு முழுக்க சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள் இலக்கு, தமிழ்நாட்டில் 12,525.

இப்படி ஒரு விதி ஏன்? ஃபைபரில் பெருஞ்செலவு பள்ளம் தோண்டிப் பதிப்பதற்குத்தான். மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூருக்காக நாலு கம்பெனி நாலு தடவை தோண்டினால் யாருக்கும் கட்டாது. சரி, ஒருவரே தோண்டட்டும் என்று விட்டால், அவர் வைத்ததே விலை.

டெல்டாக்காரர்களுக்கு இது வாய்க்கால் கணக்கு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. மதகுச் சாவி தலைமடை விவசாயி ஒருவர் கையிலேயே இருந்தால் கடைமடை வேதாரண்யத்துக்கு என்ன மிஞ்சும்? அதனால் மதகு பொதுவில். வயல் மட்டும் அவரவருடையது. (அப்படியும் முறைத்தண்ணீர்ச் சண்டை ஓயவில்லை, அது வேறு கதை.) ஃபைபரும் அந்த மதகு மாதிரி பொதுவில், அதில் தரும் சேவை மட்டும் அந்தந்தக் கம்பெனியுடையது. இணையத்தில் போட்டியையும் கட்டணத்தையும் கண்காணிக்க 1997-இல் அமைந்த டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

அப்புறம், ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்தால் வீட்டுக்கு இலவச வைஃபை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கிருந்து வீடு வரை இழுப்பது தனி வேலை, மாதக் கட்டணமும் உண்டு.