லேப்டாப்பில் மட்டும் ஆறு எஃப் வருவது ஏன்?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெப்பநிலை கன்ட்ரோலரை மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் தகவல் பரிமாறும் முறை) வழியாகப் படிக்க சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அனுப்பும் பைட்டுகளை ஹெக்ஸாக (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை கொண்ட 16 அடிமான எண்ணாக) அச்சிட்டால், லேப்டாப்பில் சில பைட்டுகளுக்கு முன்னால் ஆறு எஃப் ஒட்டிக்கொண்டு வருகிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் அப்படி வருவதில்லை. ஹெக்ஸ் எழுத்தைத் திரும்பப் பைட்டாக மாற்றினால் பக்கத்து மாறி (வேரியபிள்) ஒன்று காரணமில்லாமல் பூஜ்யமாகிறது. புரோகிராமை இத்துடன் இணைத்திருக்கிறேன். சீசன் தொடங்குமுன் சரிசெய்ய வேண்டும்.

பதில்: கேபிளையும் கன்ட்ரோலரையும் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு கோளாறும் புரோகிராமுக்குள்ளேயே இருக்கின்றன.

நீங்கள் அனுப்பும் கட்டளை 8 பைட்: 01 03 00 00 00 0ஏ சி5 சிடி. இதில் எஃப் ஒட்டுவது கடைசி இரண்டில் மட்டும்தான். சி5 என்பது 197. பைட்டுகளை வெறும் ‘கேர்’ வகையில் வைத்திருக்கிறீர்கள். இன்டெல், ஏஎம்டி லேப்டாப்புகளில் அந்த வகை மைனஸ் எண்ணையும் பிடிக்கும். அதன் எல்லை -128 முதல் 127 வரை. ஆகவே 197 அங்கே -59 ஆகிறது. அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்புக்குப் போகும் வழியில் அது 4 பைட் முழு எண்ணாக விரிகிறது; -59ஐ 4 பைட்டில் எழுதினால் முன்னால் உள்ள மூன்று பைட்டும் எஃப்எஃப்தான். 127க்குள் அடங்கும் பைட்டுகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம் சிப். அதில் ஓடும் லினக்ஸில் அதே ‘கேர்’ 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சி மொழியின் தரநிலை இதை கம்பைலரின் (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அதனால் ராஸ்பெர்ரி பையில் சரியாக வந்தது என்பதை வைத்து புரோகிராம் சரி என்று சொல்ல முடியாது.

அச்சிடும் இடத்தில் 255 உடன் ‘அண்ட்’ போட்டு எஃப்பை வெட்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் நாளை சிஆர்சி (கட்டளையின் கடைசி இரண்டு பைட்டான பிழை சரிபார்ப்பு எண்) கணக்கிடும்போது அதே மைனஸ் எண் வேறு இடத்தில் தலைகாட்டும். பைட்டுகளை வைத்திருக்கும் அரேயையே (வரிசையையே) ‘அன்சைன்டு கேர்’ என்று மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வடிவக் குறி. வெறும் சதவீதக் குறியும் எக்ஸும் போட்டால் 01 என்பது 1 ஆகச் சுருங்கும். முதல் ஐந்து பைட்டும் சேர்ந்து 13000 என்று நிற்கும். எங்கே எந்த பைட் முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சதவீதக் குறிக்கும் எக்ஸுக்கும் நடுவே 02 சேருங்கள். ஹெக்ஸ் எழுத்தை ஒரு பஃபரில் சேமிப்பதானால் ஒரு பைட்டுக்கு 2 இடம், முடிவில் பூஜ்யத்துக்கு 1 இடம்: 8 பைட்டுக்கு 17. இதைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தால் பைட் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். பூஜ்யம் வரும்வரை நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் பக்கமே போக வேண்டாம். உங்கள் கட்டளையின் மூன்றாவது பைட்டே பூஜ்யம், அது 2 என்று சொல்லி நின்றுவிடும்.

இனி பூஜ்யமாகும் மாறி. எழுத்தைப் படித்து எண்ணாக்கும் எஸ்ஸ்கேன்எஃப்பில் சதவீதக் குறி, 2, எக்ஸ் என்று கொடுத்து ஒற்றை பைட்டின் முகவரியைக் காட்டியிருக்கிறீர்கள். எக்ஸ் என்றால் அது 4 பைட் எண் என்று நினைத்து எழுதும். முதல் பைட்டை எழுதும்போது அடுத்த மூன்றையும் பூஜ்யமாக்கும். அடுத்த சுற்றில் அவை சரியாகிவிடுவதால் கண்ணில் படாது. கடைசிச் சுற்றில் அரேயைத் தாண்டி மூன்று பைட் பூஜ்யம் விழுகிறது. அங்கே உங்கள் கவுண்டர் இருந்திருக்கிறது. கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுவதும் இயக்கியிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். எக்ஸுக்கு முன் இரண்டு ஹெச் சேர்த்தால் ஒரு பைட்டோடு நிற்கும். 1999 தரநிலையிலிருந்து அது உண்டு.

ஆனாலும் நான் எஸ்ஸ்கேன்எஃப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். நடுவே இடைவெளியோ கூட்டல் குறியோ இருந்தாலும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். சொந்தமாக எழுதுவது பத்துப் பதினைந்து வரிதான். எழுத்து 0 முதல் 9க்குள் இருந்தால் அதிலிருந்து எழுத்து 0ஐக் கழியுங்கள். ஏ முதல் எஃப்புக்குள் இருந்தால் ஏவைக் கழித்து 10 கூட்டுங்கள். சின்ன எழுத்துக்கும் அப்படியே. வேறு எது வந்தாலும் பிழை என்று திருப்பிவிடுங்கள். முதல் எழுத்தின் மதிப்பை 16ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் பைட் தயார். சி5 என்றால் 12 பெருக்கல் 16, கூட்டல் 5, ஆக 197. நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் மாற்றத் தொடங்கவே கூடாது.

கன்ட்ரோலரிடமிருந்து பதில் வந்த பிறகு ஒன்று பாருங்கள். மோட்பஸில் ரிஜிஸ்டரின் (மதிப்பை வைத்திருக்கும் 2 பைட் இடத்தின்) பெரிய பைட் முதலில் வரும், சிஆர்சியில் மட்டும் சின்ன பைட் முதலில். 01 0இ என்று வந்தால் 1 பெருக்கல் 256, கூட்டல் 14, அதாவது 270. பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் அனுப்பும் கன்ட்ரோலராக இருந்தால் 27.0 டிகிரி, கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். திரையில் 3585 என்று வந்தால் இரண்டு பைட்டையும் இடம் மாற்றிப் படிக்கிறீர்கள்.