காலை இட்லிக்குப் பிறகு மட்டும் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 26-வது வாரம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 156 வந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வெறும் வயிற்றில் 86, மதியமும் இரவும் 110. காலையில் 4 இட்லி சாப்பிட்டால் மட்டும் 145. மாமியார் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: கஞ்சி வேண்டாம். மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் கேழ்வரகும் சீக்கிரம் செரித்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. காலையில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் கூடுதலாகச் சுரப்பதால், மதியம் தாங்குகிற அளவு மாவுச்சத்தை அப்போது உடம்பு தாங்காது.

அதே 4 இட்லியைப் பிரித்துச் சாப்பிடுங்கள்: 8 மணிக்கு 2, 10 மணிக்கு 2. பருப்பு நிறைந்த சாம்பாரோடு ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும். காபிக்குச் சர்க்கரை வேண்டாம். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் அதே கணக்குதான். ஆனால் பயந்துபோய்ப் பட்டினி கிடக்காதீர்கள். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேரும், அது குழந்தைக்கு நல்லதல்ல.

முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணுங்கள். 8 மணிக்குத் தொடங்கினால், 10 மணி இட்லியைத் தொடுவதற்கு முன் குத்திப் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். 2 வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் இறங்காவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: 30-வது வாரம். இன்சுலின் 10 யூனிட் போட்டும் சர்க்கரை குறையவில்லை. வீட்டில் மாமனாருக்கு வாங்கிய சிரிஞ்சையே பயன்படுத்துகிறேன். இந்த ஊசி குழந்தையைப் பாதிக்குமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அந்தப் பயம் வேண்டாம். எனக்குச் சந்தேகம் சிரிஞ்சின் மேல்தான். மருந்துக் குப்பியில் 40 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும். இது மிக ஆபத்து.

குப்பியையும் சிரிஞ்சையும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குறையவில்லை என்று இதற்குள் அளவைக் கூட்டியிருந்தால், சரியான சிரிஞ்சுக்கு மாறிய அன்றே சர்க்கரை தாழ்ந்துவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொருவர் குத்திக்கொண்ட ஊசியை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் தேவைப்படாது. என்றாலும் 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே அதையும் முடித்துவிடலாம். வெறும் வயிற்றோடு போனால் போதும்.