உவர் வயலில் படரும் ஓர்பூடு: உழுது மடக்கலாமா?

கேள்வி: கடலோரத்தில் இருக்கும் என் வயலில் போன பருவத்தில் கடல்நீர் ஏறிவிட்டது. இப்போது உப்பு பூத்த இடமெல்லாம் தடித்த இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக ஒரு செடி படர்கிறது. இது மண்ணின் உப்பை எடுத்துவிடும் என்கிறார்கள். உழுது மடக்கிவிடலாமா? ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: உழுதுமட்டும் மடக்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது ஓர்பூடாகத்தான் இருக்க வேண்டும். எதற்கும் ஒரு கணுவைப் பாருங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு இலையும் ஏறக்குறைய ஒரே அளவில், நீண்டு, சதைப்பற்றாக இருந்தால் ஓர்பூடு. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, வட்டமாக, மெலிதாக இருந்தால் அது சாரணை.

உப்பை வெளியே கசியவிடும் சுரப்பி ஓர்பூட்டுக்குக் கிடையாது. வேர் இழுத்த உப்பு இலையிலேயே தங்கிவிடும். மடக்கி உழுதால், அது மாதக்கணக்கில் சேர்த்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறீர்கள். நான்கு விரல் கட்டை விட்டு அறுத்து, வயலைவிட்டே வெளியேற்றுங்கள். வரப்பில் குவித்தால் ஒரு மழையில் மறுபடி உள்ளே இறங்கிவிடும்.

சரி, எவ்வளவு எடுக்கும்? 2007-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி 4 மாதத்தில் ஹெக்டேருக்கு 474 கிலோ. பெரிய அளவுதான். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் பரவினாலே 500 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். அதனால் முதல் வேலை, நீர் ஏறிய வழியை அடைத்து வரப்பை உயர்த்துவது. அப்புறம் மழைநீரைத் தேக்கி வடிகாலில் வடியவிடுங்கள். உப்பைக் கழுவ மழைக்கு ஈடு இல்லை. தண்ணீர் நிற்காத மேட்டுத் திட்டுகளை ஓர்பூட்டிடம் விடுங்கள். ஒரு சாண் தண்டை, இரண்டு கணு ஈரமண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும், வேர்விட்டுப் படரும். கடல் பக்க வரப்பில் இருப்பதை அறுக்கவே வேண்டாம், கரை அரிக்காமல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

ஆட்டுக்குக் கொஞ்சமாக, காய்ந்த தீவனத்தோடு கலந்து போடலாம். பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். இதையே வயிறு நிறையக் கொடுத்தால் கழியும்.

பரிசோதனைக்கு மண் மாதிரி எடுக்கும்போது வெள்ளை பூத்த இடத்தையும் செடி படர்ந்த இடத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டியிருந்தால் ஜிப்சமும் போட வேண்டிவரும். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்குக் கீழே இறங்கியதும், முதலில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை விதைத்துப் பாருங்கள்.